கயிறு இழுத்தது போதும், பிளக்கைக் கழற்றுங்கள்

வயக்காட்டு மெஷின்கள் – 9

சென்ற வாரம் முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரைப் பார்த்தோம். இந்த வாரம் செயின்சா. அதிலும் ஒரே ஒரு புகார்: "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னைக்கு எத்தனை இழுத்தாலும் கிளம்ப மாட்டேங்குது." அந்த 'நேத்து' பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு முந்தைய நேற்றாக இருக்கும்.

சோழவந்தான் பக்கம் இந்தப் புகார் ஏன் வருகிறது என்பதற்கு அந்த ஊர் விவசாயத்திலேயே பதில் இருக்கிறது. தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம், குருவித்துறை, திருவேடகம் என்று வைகையின் இரண்டு கரையிலும் தென்னந்தோப்புகள். இடையிடையே பெரியாறு பாசனத்தில் நெல், வாழை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலையின் கொடிக்கால்கள். இந்த விவசாயத்தில் செயின்சாவுக்குத் தினசரி வேலை கிடையாது. கோடை மழையோடு வரும் சூறைக்காற்றில் நாலு தென்னை சாயும். ஆடிக் காற்றில் வேப்பமரக் கிளை முறிந்து மின்கம்பியில் விழும். கூன்வண்டு துளைத்துக் குருத்து சாய்ந்த மரம் ஒன்றிரண்டு நிற்கும். அப்போது மெஷின் வெளியே வரும், இரண்டு மூன்று நாள் ஓடும். பிறகு சாக்கைச் சுற்றி மோட்டார் ரூம் மூலையில் வைத்துவிடுவார்கள். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலும் அதோடு சேர்ந்து தூங்கும்.

அடுத்த தடவை தேவைப்படும்போது அவசரம் இருக்கும். செத்த தென்னையைத் தோப்பில் நெடுநாள் கிடத்தக் கூடாது. மட்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதில் வளர்ந்து வரும் வண்டு பக்கத்து மரத்தின் குருத்தைக் குடையும். வேளாண் துறை 'செத்த மரத்தை உடனே அப்புறப்படுத்துங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஆள் வந்தாச்சு, டிராக்டர் வந்தாச்சு, மெஷின் மட்டும் கிளம்பவில்லை என்றால் அன்றைய கூலி வீண்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத் தோப்புகள் தரையோடு படுத்தன. விழுந்த தென்னைகளை அறுத்து வழிவிட வெளிமாவட்டங்களிலிருந்தும் செயின்சாக்கள் போயின. அப்படி ஒரு நாளில் ஒரு மெஷின் கிளம்புவதும் கிளம்பாததும் ஒரு தெருவுக்கு வழி திறப்பதும் திறக்காததும்தான். ஆகவே இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

ரோட்டை விட்டுப் போன அறிவு

செயின்சாவில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இதன் குணத்தை ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும், கூடினால் புகை தள்ளும், குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும், பிளக்கில் கரி ஏறினால் கழற்றித் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் பால்காரருக்கும் தெரியும், கல்லூரிப் பையனுக்கும் தெரியும். சீட்டுக்கு அடியில் ஒரு பிளக் ஸ்பானர் எப்போதும் கிடக்கும்.

2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக்காக வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் கடையில் புது டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. காற்றுக்கு அது நல்லது. ஆனால் ரோட்டோடு அந்த அறிவும் போய்விட்டது. இன்று டூ-ஸ்ட்ரோக் மிச்சமிருப்பது வயலிலும் தோப்பிலும்தான். ஸ்பிரேயர், பிரஷ் கட்டர், செயின்சா என்று வாங்குகிற இளைஞருக்கு 2டி ஆயில் என்றால் என்ன என்பதே கடைக்காரர் சொல்லித்தான் தெரிகிறது. 'கிளம்பவில்லை' என்று கடைக்கு வரும் மெஷின்களில் பலவற்றின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பைக்கின் கார்பரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் மிதவை. வண்டி நிமிர்ந்து நிற்கும்வரைதான் அது வேலை செய்யும். மரம் அறுப்பவர் மெஷினைச் சாய்ப்பார், படுக்க வைப்பார், கிளைக்கு அடியில் கொடுத்துத் தூக்குவார். அதனால் செயின்சாவின் கார்பரேட்டரில் மிதவை கிடையாது. மெல்லிய டயாஃப்ரம் தகடுகள்தான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அடியறையில் உண்டாகும் அழுத்த மாறுதலே அந்தத் தகட்டை அசைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. எந்தக் கோணத்திலும் ஓடும். ஆனால் அந்தத் தகடு விறைத்துப்போனால் அவ்வளவுதான்.

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் மின்சாரத்தில் ஓடும் செயின்சாவையும், 1929-ல் பெட்ரோலில் ஓடுவதையும் கொண்டுவந்தபோது அவற்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்று அதே வேலையை ஒற்றை ஆள் ஐந்தாறு கிலோ மெஷினில் செய்கிறார். எடை குறைந்ததற்கு விலையாக எல்லாமே நுணுக்கமாகிவிட்டது. அறுக்கும்போது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் எஞ்சின் இது. பெட்ரோலில் கலந்த ஆயிலைத் தவிர அதன் பிஸ்டனுக்கு வேறு உயவு இல்லை.

முதலில் ஸ்பானர் வேண்டாம்

மெஷின் கிளம்பவில்லை என்றதும் நம் ஆட்களின் கை கார்பரேட்டர் ஸ்குரூவுக்குப் போகும். கடைசியில் தொட வேண்டியதை முதலில் தொட்டால் ஒரு கோளாறு இரண்டாகும். வரிசை முக்கியம். காசு செலவில்லாததை முதலில், கழற்ற எளிதானதை அடுத்து, கடினமானதைக் கடைசியில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி மெஷின் கிளம்பிவிட்டால் எது கோளாறு என்று தெரியாமலே போய்விடும்.

கயிற்றை இழுக்கும் முன் நாலு கேள்வி. சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம், கடைக்கு வந்த பிறகு இது கண்டுபிடிக்கப்படுவது உண்டு. பெட்ரோல் இருக்கிறதா? அது சரியான டேங்கில் இருக்கிறதா? செயின்சாவில் மூடி இரண்டு. பெரும்பாலான மாடல்களில் பின்பக்கம் பெட்ரோல், முன்பக்கம் செயினுக்கான ஆயில். மாற்றி ஊற்றிவிட்டால் எத்தனை இழுத்தும் பயனில்லை. இரண்டையும் வடித்துக் கழுவித்தான் ஆக வேண்டும். நாலாவது, சோக் எங்கே இருக்கிறது?

சோக்கில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். மெஷின் குளிர்ந்திருந்தால் சோக்கை முழுதாகப் போட வேண்டும். கீழே இருக்கும் பம்ப் குமிழை, இருந்தால், அதற்குள் பெட்ரோல் தெரியும்வரை அமுக்க வேண்டும். மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடிக்குள் வலது கால் முன்பாதத்தை ஊன்றி, முன் கைப்பிடியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். மூன்று, நாலு, ஐந்து இழுப்புக்குள் 'பட்' என்று ஒரு வெடிச் சத்தம் வந்து எஞ்சின் நின்றுவிடும். காதில் விழ வேண்டிய சத்தம் அதுதான். வந்தவுடன் சோக்கை எடுத்துவிட வேண்டும். பாதி சோக் நிலை இருக்கும் மாடலில் அங்கே வைக்க வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு இழுப்பில் கிளம்பிவிடும்.

அந்த ஒற்றைச் சத்தத்தைக் கவனிக்காமல் முழுச் சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் உள்ளே நிரம்பி பிளக் நனைந்துவிடும். மெக்கானிக் பாஷையில் 'ஓவர்ஃப்ளோ'. அதற்குப் பிறகு தோள்பட்டை வலிதான் மிச்சம். சூடாக ஓடிக்கொண்டிருந்து, டீ குடிக்க நிறுத்திய மெஷினைக் கிளப்பும்போது சோக்கே தேவையில்லை. அங்கும் பழக்கத்தில் சோக்கைப் போட்டு ஓவர்ஃப்ளோ ஆக்குகிறவர்கள் உண்டு.

பிளக் சொல்லும் சாட்சி

முறைப்படி இழுத்தும் கிளம்பவில்லையா? இனி இழுக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவந்து சொல்லும் ஒரே ஆள் அதுதான்.

நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது ஓவர்ஃப்ளோ. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி அப்பியிருந்தால் ஆயில் கூடியிருக்கலாம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வெளிர் காபி நிறத்தில் இருந்தால் பிளக்கைப் பொறுத்தவரை எஞ்சின் நலம். வெளுத்துப்போயிருந்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. பெட்ரோல் போதாமல் ஓடியிருக்கிறது என்று பொருள்.

ஓவர்ஃப்ளோவுக்கு வைத்தியம் எளிது. சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கை எடுத்துவிட்டு, பிளக் துவாரம் கீழே பார்க்க மெஷினைச் சாய்த்து, ஏழெட்டு முறை கயிற்றை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்துப் போட வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. பிளக்கை நெருப்பில் காட்டிக் காயவைக்கும் பழைய பழக்கமும் வேண்டாம்.

கரண்ட் பார்ப்பதற்கு முன் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, மெஷினைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை அதன் மூடியில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினின் உலோகப் பகுதியில் ஒட்டியிருக்கும்படி, துவாரத்துக்குத் தள்ளியே பிடித்து, சுவிட்சை ஆன் செய்து கயிற்றை இழுத்தால் முனையில் நீலப் பொறி தெறிக்க வேண்டும். நிழலில் பார்த்தால் நன்றாகத் தெரியும். பொறி இல்லை என்றாலோ மங்கலான மஞ்சளாக இருந்தாலோ முதலில் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான செயின்சாக்களில் பிளக் முனை இடைவெளி 0.5 மில்லிமீட்டர்.

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையா? சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நல்லது. அந்த ஒயரோ சுவிட்சோ எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது. எலி கடித்த ஒயராகவும் இருக்கும். ஒயரைக் கழற்றிய நிலையில் மெஷின் கிளம்பிவிட்டால் சுவிட்சால் நிறுத்த முடியாது. எனவே இது சோதனைக்கு மட்டும். அப்படியும் பொறி வரவில்லை என்றால் காயிலுக்கும் சுழலும் மேக்னெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது சுமார் 0.3 மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. மோட்டார் ரூம் ஈரத்தில் மேக்னெட்டின் முகம் துருப்பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் காயிலை மாற்றுவதுதான் வழி.

பெட்ரோல் எப்ப ஊத்துனது?

நல்ல மெக்கானிக்கிடம் மெஷினைக் கொண்டுபோனால் கயிற்றைத் தொடும் முன்பே கேட்பார்: "பெட்ரோல் எப்ப ஊத்துனதுண்ணே?" "பொங்கலுக்கு முன்னாடி ஊத்துனதுப்பா" என்று பதில் வந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

பெட்ரோல் கெடும். அதில் லேசாக ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்கிறது. மதுரை வெயிலில் அது முதலில் பறந்துவிடும். மிச்சமிருப்பது மெதுவாகப் பிசினாகி கார்பரேட்டரின் ஊசித் துவாரங்களில் ஒட்டும். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் கையேடுகள் சொல்கின்றன.

இப்போது எத்தனாலும் சேர்ந்துவிட்டது. 2022-ல் நாடு முழுக்கப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கு எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்தது 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இன்று பங்குகளில் அதுவே கிடைக்கிறது. கரும்பு விவசாயிக்கு அதில் நன்மை உண்டு. ஆனால் செயின்சா நிறுவனங்கள் பலவற்றின் கையேட்டில் அனுமதி 10 சதவீதம் வரைதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறும்போது எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய்ப் படியும். பெட்ரோலை உறிஞ்சும் குழாய் முனை கிடப்பதும் அதே அடியில்தான். எஞ்சின் முதலில் குடிப்பது அந்த அடுக்கைத்தான். அது பற்றாது. எப்படியோ பற்றினாலும் அதில் 2டி ஆயில் இருக்காது. ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட்டது. போதாததற்குப் பழைய மாடல்களின் ரப்பர் குழாயையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் விறைக்கச் செய்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்குத் தெரிந்தாலோ, கலங்கியிருந்தாலோ, பெட்ரோல் வாசத்துக்குப் பதில் வார்னிஷ் வாசம் அடித்தாலோ அதை மெஷினில் திரும்ப ஊற்றாதீர்கள். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். புதிதாக அரை லிட்டர் வாங்கி, ஆயில் கலந்து ஊற்றுங்கள். பல மெஷின்கள் இந்த இடத்திலேயே கிளம்பிவிடும்.

கலவை எவ்வளவு? 50-க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. விலை குறைந்த 58 சிசி மெஷின்கள் பலவற்றில் 25-க்கு 1 என்று இருக்கும். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆயிலுக்கு 50-க்கு 1 என்று சொல்லும். உங்கள் மெஷினின் கையேடும் டேங்க் மூடியும் சொல்வதே முடிவு. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம்; மருந்துக் கடையில் பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலில் ஜாசோ எஃப்டி என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். டிராக்டர் எஞ்சின் ஆயிலைக் கலப்பது தப்பு. வெறும் பெட்ரோலில் ஓட்டுவது அதைவிடப் பெரிய தப்பு: சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

வழியில் எங்கே அடைப்பு?

புதுப் பெட்ரோலும் ஊற்றியாச்சு, பொறியும் வருகிறது, பிளக் மட்டும் காய்ந்தே இருக்கிறது. ஒரு சோதனை செய்யலாம். பிளக் துவாரத்தில் ஆயில் கலந்த பெட்ரோல் சில சொட்டு விட்டு, பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் எஞ்சின் நல்லது, கரண்ட் நல்லது. பெட்ரோல் வரும் வழியில்தான் கோளாறு. சிலர் இங்கே தின்னரை ஊற்றுவார்கள். வேண்டாம், அதில் உயவு கிடையாது.

டேங்குக்குள் குழாய் முனையில் ஒரு சின்ன ஃபில்டர் தொங்கும். வளைத்த கம்பியால் கொக்கி போட்டு வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். டேங்குக்கு மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்திருந்தால் மெஷின் கிளம்பும், சில நிமிடம் ஓடும், பிறகு தானே அணையும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு, மறுபடி கிளம்பினால் குற்றவாளி அந்தத் துளைதான்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கடைசியாகத்தான் கார்பரேட்டர். உள்ளே டயாஃப்ரம் விறைத்திருக்கும், அல்லது ஊசி வால்வு பிசினில் ஒட்டியிருக்கும். டயாஃப்ரம் கிட் கடையில் கிடைக்கும். கை பழகாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே மேல். 'எல்', 'எச்' என்று குறியிட்ட இரண்டு ஸ்குரூவையும் கிளம்புவதற்காகத் திருகாதீர்கள். போன வாரம் ஓடிய மெஷினில் ஸ்குரூ தானாகத் திரும்பியிருக்காது. 'எச்' ஸ்குரூவை அளவுக்கு மேல் முடுக்கினால் பெட்ரோலும் குறையும், அதோடு வரும் ஆயிலும் குறையும். எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடிக்கும்.

காற்று வழியையும் மறக்கக் கூடாது. தென்னை அறுத்தால் வருவது மாவுபோன்ற தூள் மட்டும் இல்லை; நார். அது ஏர் ஃபில்டரிலும் செயின் சக்கரம் சுற்றும் மூடிக்குள்ளும் அடைத்துக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றித் தட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது எஞ்சினுக்குள் மண்ணை அள்ளிப்போடுவதற்குச் சமம். புகை போகும் பக்கம் சைலன்சரில் ஒரு சல்லடை இருக்கும் மாடல்களில், ஆயில் கூடிய கலவையால் அது கரியால் அடைத்துவிடும். புகை வெளியே போகாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. கம்பி பிரஷ் போதும்.

கயிறு லேசாக வந்தால்

இத்தனையும் சரி, ஆனால் கயிறு முன்பு போல் கையை எதிர்த்து இழுக்கவில்லை, தளர்வாக வருகிறது என்றால் செய்தி நல்லதில்லை. கம்ப்ரஷன் போய்விட்டது. சுவிட்சை ஆஃப் செய்து, பிளேடுக்கு உறை மாட்டி, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நல்ல எஞ்சின் தடுத்துத் தடுத்து மெதுவாக இறங்கும். சரசரவென்று இறங்கினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. கேஜ் வைத்துப் பார்த்தால் நல்ல மெஷின் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும்.

சைலன்சரைக் கழற்றினால் அந்தத் துவாரம் வழியாகப் பிஸ்டன் தெரியும். அது வழவழப்பாக மின்ன வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்திருந்தால் ஆயில் இல்லாமலோ, ஆயில் குறைந்தோ ஓடியிருக்கிறது. பிஸ்டன், ரிங், சில சமயம் சிலிண்டரும் மாற்ற வேண்டும். விலை குறைந்த மெஷினுக்கு இந்தச் செலவு தகுமா என்று கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கயிறு அசையவே இல்லை என்றால் பிஸ்டன் முழுதாகப் பிடித்திருக்கலாம், கயிறு சுற்றும் பெட்டியில் சிக்கியிருக்கலாம், அல்லது சாய்த்து வைத்ததில் பெட்ரோல் சிலிண்டருக்குள் நிரம்பியிருக்கலாம். பலத்தைக் காட்டாமல் முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள்.

எடுத்து வைக்கும் நாள்

மெஷின் கிளம்பிவிட்டது என்ற மகிழ்ச்சியில் இரண்டை மறக்காதீர்கள். பெட்ரோல் ஊற்றிய இடத்திலேயே கிளப்பாமல் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிப் போய்க் கிளப்புங்கள். ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டபடி மறு கையால் கயிற்றை இழுப்பது தோரணைக்கு நன்றாக இருக்கலாம். எஞ்சின் பற்றியதும் செயின் சுற்றத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பது உங்கள் தொடை. கண்ணாடி, காலுறை, தடித்த பேன்ட் இல்லாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு இறங்கவே கூடாது.

கிளம்பாத மெஷினுக்கு மருந்து, அதைக் கடைசியாக நிறுத்திய நாளில்தான் இருக்கிறது. வேலை முடிந்தால் டேங்கை வடித்துவிடுங்கள். பிறகு கிளப்பி, கார்பரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானே அணையும்வரை மெதுவாக ஓடவிடுங்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி 2டி ஆயில் சில சொட்டு விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வடித்த பெட்ரோல் புதிது என்றால் வீணாக்க வேண்டாம். அந்த வாரமே ஸ்பிரேயரில் ஓட்டித் தீர்த்துவிடலாம், கலவை அளவு இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால்.

இதற்குக் கால் மணி நேரம் ஆகும். ஆடி பிறந்து மரம் விழுந்த பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் கடை வாசலில் நிற்பதைவிட அது குறைவுதான். இந்த வாரமே உங்கள் மோட்டார் ரூமில் கிடக்கும் மெஷினின் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வார்னிஷ் வாசம் வந்தால் இன்றைக்கே வடித்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: தென்னை மரத்தில் செயின் ஏன் சீக்கிரம் மழுங்குகிறது, அரம் பிடிப்பது எப்படி?